இடது கையால் கிண்டவும்

கோவில்பட்டியில் நான் வாழ்க்கைப்பட்ட தெருவில், தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிரே நூலகம் இருந்தது. அந்தக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. விடிந்ததும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயில் ஏறும்வரை நிற்க வேண்டும். மற்றவர்கள் நின்ற நேரத்தில் ஊர்வம்பு பேசினார்கள். நான் நூலகத்துச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைப் படித்தேன்.

நூலகத்துக்குள் பெண்கள் போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போகலாம் என்றும் யாரும் சொன்னதில்லை. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்த எனக்குப் புத்தகம் என்றால் உயிர். ஆனால் புது மருமகள் குடத்தோடு உள்ளே போய்ப் புத்தகம் கேட்டால் அன்று மாலைக்குள் அந்தச் செய்தி பருத்திப்பேட்டையில் இருக்கும் மாமனாரின் கமிஷன் கடைக்குப் போய்விடும். அதனால் எனக்குக் கரும்பலகைதான் நூலகம்.

ஐம்பதுகளின் கடைசி அது. நூலகர் புதியம்புத்தூர்க்காரர், தையல்காரக் குடும்பம். அவர் போட்டிருக்கும் சட்டை அவர் உடம்போடு பிறந்தது மாதிரி இருக்கும். சாக்பீஸ் வைக்கவென்றே அதில் தனியாக ஒரு பை. ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து பெஞ்சுகளைத் தானே துடைப்பார். ஒவ்வொரு தமிழ் மாதமும் பிறக்கும்போது பலகையை ஈரத்துணியால் துடைத்து மூன்று கட்டம் போடுவார். படிக்க, சமைக்க, பொழுதுபோக்க. சித்திரை என்றால், படிக்க: வெயிலில் தூக்கம் வராதவர்களுக்குத் துப்பறியும் கதை. பொழுதுபோக்க: பூங்கா ரேடியோவில் சாயங்காலக் கச்சேரி, விசிறி கொண்டு வரவும். ஆடிக் கடைசியில் காமநாயக்கன்பட்டிக் கோயில் தேர். மாசியில் டூரிங் டாக்கீஸில் புதுப்படம், மணலில் உட்காருபவர்கள் தேள் பார்த்து உட்காரவும். இப்படி.

சமைக்க என்ற கட்டத்தை மட்டும் அவர் தாமாக எழுதமாட்டார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர் அந்தப் பருவத்துக்கு ஏற்ற ஒரு பக்குவத்தைத் தன் வீட்டில் கேட்டு வந்து சொல்ல வேண்டும். வந்த பக்குவங்களில் ஒன்று பலகையில் ஏறும். சொன்னவர் பெயர் போடமாட்டார். 'லைப்ரரியில என்ன சமையல்?' என்று பெரிய மனிதர்கள் சிலர் சண்டைக்குப் போனார்கள். "வீட்ல பொம்பளைய கிட்ட பக்குவம் கேக்கணும்னாவது புஸ்தகத்தத் திருப்பித் தாராவளே, அது போதும்" என்று பதில் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்தப் பலகை வெறும் பொழுதுபோக்காக இருந்ததெல்லாம் முதல் வருஷம் தைமாதம் வரைதான். தையில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். நாகலாபுரத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் வந்தார்கள். சாப்பாட்டில் அப்பாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். சம்பந்தியை இரண்டாம் பந்தியில் உட்கார வைப்பதா என்று அப்பா இலையை மடக்காமல் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டார். சபையில் இப்படி அவமானப்படுத்திவிட்டுப் போகிறவர் வீட்டு வாசலை என் மருமகள் மிதிக்கமாட்டாள் என்று மாமனார் அந்த இடத்திலேயே சொன்னார். என் மகள் வீட்டுத் தண்ணீர் என் வீட்டில் யாருக்கும் இறங்காது என்று வண்டியில் இருந்தபடி அப்பா சொன்னார். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பரம்பரை. சொல்லைக் காப்பாற்றினார்கள். நானும் அம்மாவும்தான் நடுவில் கிடந்தோம்.

அம்மா வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். அழவில்லை. நான் சாப்பிட்டேனா என்று வாயருகே கையைக் கொண்டுபோய்க் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரரும் என்மேல் பிரியமானவர்தான், ஆனால் அவர் அப்பா இருமினாலே எழுந்து நிற்கிற பிள்ளை. கடிதம் போட்டாலும் அது என் அப்பா கைக்குத்தான் போகும். இரண்டு மாதம் அம்மாவின் குரல் எனக்கு மறந்துவிடுமோ என்று பயந்தேன். பயம் என்றால் உண்மையான பயம். குடத்தை வைத்துவிட்டு நின்றபடியே அவள் என்னைக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

பங்குனி பிறந்தது. பருத்தி வெடித்துப் பேட்டைக்கு வண்டி வண்டியாக வரத் தொடங்கியது. எனக்குப் பக்கத்தில் குடம் வைக்கும் அக்கா ஒருத்தி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறவள், எழுத்து தெரியாதவள், வழக்கம்போல என் முழங்கையை இடித்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு என்ன போட்டிருக்கு? வாசி."

வாசித்தேன். சமைக்க: பருத்திப்பால். பருத்தி விதையை ராத்திரி ஊறப்போட்டு ஆட்டிப் பால் எடுக்கவும். குதிரைவாலியை ஊறவைத்து அரைத்து அதில் கரைக்கவும். கருப்பட்டிப் பாகு, சுக்கு. கொதி வந்ததும் இடது கையால் கிண்டவும், கை விடாமல் கிண்டவும்.

"எடது கையாலயா? சோத்தாங்கைக்கு என்ன வந்துச்சாம்?" என்றாள் அக்கா.

 ஊரெல்லாம் பருத்திப்பாலுக்குப் பச்சரிசி அரைத்து விடுவார்கள். குதிரைவாலி விடுவது எங்கள் வீட்டில். அம்மா இடதுகைக்காரி. வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அவளுடைய மாமியார் அந்தக் கையில் சூடு வைத்திருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே தழும்பு உண்டு. அதிலிருந்து நாலு பேர் முன்னால் பரிமாற, தாம்பூலம் கொடுக்க வலது கையைப் பழக்கிக்கொண்டாள். அடுப்படியில் யாரும் பார்க்காத நேரத்தில் மட்டும் கரண்டி இடது கைக்குப் போய்விடும். அவளைப் பொறுத்தவரை கிண்டுவது என்றால் இடது கையால் கிண்டுவதுதான். அப்படியே அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். பருத்தி கொண்டு வந்த அண்ணன் பேட்டையில் ஏலம் முடிகிறவரை நூலகத்தில் காத்திருப்பவன், துப்பறியும் கதைப் பைத்தியம். அவன் அட்சரம் பிசகாமல் ஒப்பித்திருக்கிறான். நூலகர் அட்சரம் பிசகாமல் எழுதிவிட்டார்.

யாரோ போய் அவரிடம் கேட்டும் இருக்கிறார்கள். "சொன்னவிய சொன்னதத்தான் எழுதுதேன். திருத்த நான் என்ன சமையலா படிச்சிருக்கேன்?" என்றாராம்.

அந்த மாதம் எங்கள் தெருவில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பலகையில் எழுதிவிட்டால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று எங்கள் தெருப் பெண்களுக்கு நம்பிக்கை. வலது கையால் கிண்டினால் பால் திரிந்துபோகும் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். இடது பக்கம் கிண்டினால்தான் பித்தம் தணியும் என்றாள் இன்னொருத்தி. பழக்கமில்லாத கையில் கரண்டியைப் பிடித்துத் தெருவே பருத்திப்பாலைத் தரையிலும் சேலையிலும் சிந்திக்கொண்டிருந்தது. நானும் வீட்டில் காய்ச்சினேன். "பீச்சாங்கையால கிண்டினதையா குடிக்கச் சொல்லுதே?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து ஒரு டம்ளர் குடித்தார். நான் அடுப்படியில் உட்கார்ந்து, அம்மா காய்ச்சியதாகவே நினைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் குடித்தேன்.

அதற்குப் பிறகு மாதம் பிறந்தால் முதல் ஆளாகக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எல்லா மாதமும் அம்மாவின் பக்குவம் ஏறாது. வேறு வீட்டு மோர்க்குழம்போ கருவாட்டுக் குழம்போ இருந்தால், அந்தக் கருவாட்டின் மேல் எனக்கு வருகிற கோபம் சொல்லி முடியாது. எங்காவது ஓரத்தில் 'இடது கையால்' என்று இருந்துவிட்டால் அந்த மாதம் முழுவதும் குடத்தின் கனம் தெரியாது. அண்ணன் சில நாட்களில் நூலகத்து ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். நான் குழாயடியில் நிற்பேன். தெருவுக்குத் தெரிந்தால் மாமனாருக்குத் தெரியும் என்பதால் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்போம். அவன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்த நாளும் உண்டு.

ஆவணியில் எனக்கு மசக்கை. குழாயடியில் நின்றபடி புளியங்காயைக் கடித்துக்கொண்டிருந்ததையும், ஓடிப்போய் ஓடையோரம் குனிந்ததையும் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். அடுத்த மாதப் பலகையில் இப்படி வந்தது. சமைக்க: கொத்தமல்லி விதையும் சீரகமும் சேர்த்து இடது கையால் வறுத்துப் பொடித்து, கருப்பட்டித் தண்ணீரில் கொதிக்கவைக்கவும். வெறும் வயிற்றில் குடித்தால் வாந்தி நிற்கும். முதல் மூன்று மாதம் கனமான குடம் தூக்க வேண்டாம்.

"லைப்ரரி சார் வீட்ல விசேஷமா?" என்று தெருவே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். அன்றைக்கு என் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். 

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு, கட்டுச்சோறு கொண்டுவந்து கொடுத்து, பெண்ணைக் கூட்டிப்போவார்கள். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. வலி எடுக்கும்போது அம்மா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் மெல்லப் பேச்செடுத்துப் பார்த்தார். "அவிய வந்து கேக்கட்டும்" என்றார் மாமனார். அவர் வந்து கூப்பிடட்டும் என்று அப்பா சொன்னதாகப் பேட்டையில் யாரோ சொன்னார்கள். இரண்டு பேரும் வராமலே மழை வந்துவிட்டது.

கரிசல் மண்ணில் மழை பெய்தால் பாதை மூடிக்கொள்ளும். காலை வைத்தால் கலப்பை கனத்துக்கு மண் ஒட்டிக்கொண்டு வரும். வண்டி அச்சு வரை புதையும், பஸ் நாகலாபுரத்தைத் தாண்டாது. அதற்காகவே நூலகர் புரட்டாசி முடிவில் பட்டிக்காட்டு வாசகர்களுக்கு மட்டும் மழைக்காலப் புத்தகம் என்று கைநிறையக் கொடுத்து அனுப்புவார். வெயில் வந்து பாதை திறந்த பிறகு திருப்பினால் போதும். அண்ணன் ஒரு கட்டுப் புத்தகத்தைத் துண்டில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனி அவன் வரமாட்டான். அம்மாவும் பேசமாட்டாள்.

ஐப்பசியும் கார்த்திகையும் பலகையில் டவுன்காரர்களின் சமையல்தான். சுக்குக் காப்பி, மிளகு ரசம், மொச்சைக் குழம்பு. சாரலில் எழுத்து கரைந்து வெள்ளையாக வழியும். வயிற்றில் பிள்ளை புரள ஆரம்பித்தது அந்த மாதங்களில்தான். அதை யாரிடம் சொல்வது? கிழக்கே மேகம் இறங்கியிருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கே அம்மா அடுப்பு மூட்டியிருப்பாள், ஈரவிறகு புகையும், கண்ணைத் துடைத்துக்கொண்டே இடது கையால் எதையோ கிண்டுவாள். எனக்கு அவள் வேண்டும் போல இருந்தது. பசி மாதிரி, தாகம் மாதிரி வேண்டும் போல இருந்தது.

தை பிறந்தது. பாதை காய்ந்துவிட்டது. தை மாதத்துக்குப் பொங்கல் பக்குவம்தான் போடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் பலகையில் கட்டுச்சோறு இருந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. ஆறவைத்து இடது கையால் கிளறவும். வாழையிலையில் தனித்தனியாகக் கட்டவும். அதற்குக் கீழே, சொன்னவர் சொன்னதையே எழுதுகிற அந்த மனிதர் இதையும் எழுதியிருந்தார்: வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லவும்.

நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தவள், கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.  மறுநாள் அக்கா தூக்குப்போணியில் புளிச்சோறும், மடியில் சிவப்புக் கண்ணாடி வளையலும் கொண்டுவந்தாள். இன்னொருத்தி எலுமிச்சைச் சோறு கொண்டுவந்தாள். தயிர்ச்சோறு கொண்டுவந்தவள் நாயக்கர் வீட்டுப் பெண், வாழ்த்தை அவர்கள் வீட்டுத் தெலுங்கில் சொன்னாள். குழாயடியில் உட்கார வைத்து எனக்கு ஊட்டினார்கள். "எடது கையாலதாம்ட்டி கிளறினேன், பாதி தரையில" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே அழுதேன். அத்தனை பேரும் இருந்தார்கள். அம்மா இல்லை. நன்றி கெட்ட மனசு அதையேதான் நினைத்தது.

வளையலோடு வீட்டுக்குப் போனபோது "யாரு போட்டது?" என்றார் மாமியார். குழாயடியில் போட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மகள் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மாமியார் கூடவே இருந்தார், குறை சொல்லக்கூடாது. வலியில் நான் பிடித்துக்கொண்டது கட்டில் கம்பியை.

அடுத்த கோடையில் பிள்ளை தானே சோற்றை அள்ளத் தொடங்கினாள். இடது கையை நீட்டினாள். மாமியார் அந்தக் கையைப் பிடித்துப் பின்னால் தள்ளி, வலது கையில் சோற்றை வைத்தார். பிள்ளை அதைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் இடது கையை நீட்டினாள். "இந்தக் கழுத எங்கேருந்து இதப் படிச்சா? கையக் கட்டிப்போடு" என்றார். எனக்கு அம்மாவின் மணிக்கட்டுத் தழும்பு கண்ணில் நின்றது. சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. இதை அம்மாவுக்குச் சொல்லாவிட்டால் நான் பிறந்து என்ன பிரயோசனம் என்று தோன்றியது.

அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தெருவைத் தாண்டி நூலகத்துக்குள் போனேன். இடுப்பில் பிள்ளை. உள்ளே பழைய காகித வாசனையும் மின்விசிறிச் சத்தமும் இருந்தன. 

"பலகைக்கு ஒரு பக்குவம் சொல்லணும் சார்."

"புஸ்தகம் திருப்பினாத்தானே பக்குவம்? அதான் முறை" என்றார் நூலகர். பிறகு மேஜைமேல் கிடந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "எடுத்தாச்சா? இப்பத் திருப்பிக் குடுங்க. ம், சொல்லுங்க."

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கடைசி வரியில் பென்சில் நின்றது. "அந்த எடது கை நீங்கதானாம்மா?"

"எங்கம்மா சார். அவியளுக்கு எடது கைப் பழக்கம்."

அவர் என்னையும் பிள்ளையையும் பார்த்தார். "அதுக்கா இந்தத் தெரு முழுக்கக் கீழ கொட்டிக்கிட்டுக் கெடந்துச்சு?" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, மாதம் பிறக்கக்கூடக் காத்திராமல், அப்போதே வெளியே போய்ப் பலகையைத் துடைத்தார்.

சமைக்க: பிள்ளைக்கு முதல் கைச்சோறு. குதிரைவாலியை லேசாக வறுத்து, பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைக்கவும். ஆறினதும் தட்டில் வைத்துப் பிள்ளையையே அள்ளவிடவும். இடது கையை நீட்டினால் தடுக்க வேண்டாம்.

அண்ணன் அதைப் படித்ததைப் பார்த்தேன். படித்தவன் தெருவைத் தாண்டி வந்து, குழாயில் கையேந்தித் தண்ணீர் குடித்தான். அப்பா இறங்காது என்று சொன்ன தண்ணீர் அவனுக்கு இறங்கியது. என் இடுப்பிலிருந்த பிள்ளையின் இடது கை அவன் சட்டையைப் பிடித்தது. விடுவித்துக்கொண்டு போய்விட்டான்.

கல்யாணத்தன்று வண்டியில் போன அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு வந்தபோது அவள் இல்லை.

ஒரு முற்பகல், குடவரிசையின் கடைசியில் யாரோ ஒரு பெண் சும்மா நின்றுகொண்டிருந்தாள். "குடம் எங்கம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"குடம் வீட்ல இருக்கு. எம் மக இங்கன இருக்கா" என்றாள் அந்தப் பெண்.

குரலை நான் மறக்கவில்லை. திரும்பினேன். அம்மா இளைத்திருந்தாள். புழுதி முழங்கால் வரை இருந்தது. "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது, பாருங்கள்.

"எட்டயபுரம் சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு வாரேன். மதிய பஸ்ஸுக்குத் திரும்பணும். பிள்ளையக் கொண்டா."

பிள்ளையை இடது இடுப்பில் வைத்துக்கொள்ளாமல் வலது இடுப்பில் வைத்துக்கொண்டாள், இடது கை சும்மா இருக்கவேண்டும் என்று. கருப்பட்டித் துண்டு ஒன்றை நீட்டினாள். பிள்ளை இடது கையால் வாங்கியது. அம்மா அந்தச் சின்ன மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதில் முத்தம் கொடுத்தாள்.

நாங்கள் பேசினோமா? எதுவும் பேசவில்லை. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தண்ணீர் வந்தது, குடங்கள் நகர்ந்தன, அக்கா என் குடத்தையும் நிரப்பி ஓரமாக வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றபோது அம்மா தெருவைத் தாண்டிப் பலகையின் முன்னால் போய் நின்றாள்.

"ஏட்டி, நான் சொன்னதெல்லாம் இதுலதான் எழுதினாவளா?"

"ஆமாம்மா."

"இப்ப நீ சொன்னது இருக்கா? எடது கைன்னு எங்கன போட்டிருக்கு?"

காட்டினேன். அவள் இடது உள்ளங்கையை அந்த வரியின் மேல் வைத்தாள். எழுத்தின் சூடு பார்க்கிறவள் மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எடுத்தபோது எழுத்து கலைந்து, கையில் சாக்பீஸ் வெள்ளை ஒட்டியிருந்தது.  நான் குடத்துத் தண்ணீரைச் சாய்த்து, கழுவிக்கொள்ளச் சொன்னேன்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள்.

பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினாள். நாலு பேர் பார்க்கிற நடுத்தெருவில், வெள்ளை ஒட்டிய அந்த இடது கையை.